‘எர்’ என்னும் பின்னொட்டும் ‘மோர்’ என்னும் சொல்லும்: ஆங்கில ஒப்புநிலையின் வரலாறு

ஆங்கிலப் பாடத்தில் ஒரு மாணவர் ‘மோர் க்வயட்’ என்று எழுதுகிறார். ஓர் ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடித்து ‘க்வயட்டர்’ எனத் திருத்துகிறார். மற்றோர் ஆசிரியர் அதனைப் பிழையெனக் கொள்ளாது விட்டுவிடுகிறார். ஒரே விடைக்கு இருவேறு மதிப்பெண் கிடைக்கும் இந்நிலைக்கு ஆசிரியர் எவரும் பொறுப்பாளி அல்லர். ஒப்பீட்டைச் சுட்ட ஆங்கிலத்தில் இரண்டு வழிகள் 700 ஆண்டுகளுக்கும் மேலாக அருகருகே வழங்கிவருகின்றன. பெயரடையின் இறுதியில் ‘எர்’ என்னும் பின்னொட்டைச் சேர்ப்பது ஒன்று. ‘மோர்’ என்னும் தனிச்சொல்லை முன்னே நிறுத்துவது மற்றொன்று. இவற்றுள் ஒன்றைப் பேசுவோர் எவ்வாறு தேர்கின்றனர் என்பதை வரலாற்றின் வழியே காண்போம்.

பழைய ஆங்கிலத்தில் பின்னொட்டே பெருவழக்காக இருந்தது. அன்று அதன் வடிவம் ‘ரா’ என்பதாகும். சில சொற்களில் அது சேரும்போது அடிச்சொல்லின் உயிரொலியும் மாறிற்று. இன்று ‘ஓல்ட்’ என்பதற்கு ‘ஓல்டர்’, ‘எல்டர்’ என இரு வடிவங்கள் இருப்பதை நாம் அறிவோம். அவற்றுள் ‘எல்டர்’ என்பதே பழைய உயிர்மாற்றத்தைக் காத்துநிற்கும் வடிவம். ‘ஓல்டர்’ பிற சொற்களைப் பின்பற்றிப் பின்னர் அமைந்தது. ‘மோர்’ என்னும் சொல்லும் அக்காலத்தில் ‘பெரிய’ எனப் பொருள்படும் பெயரடையின் ஒப்புநிலை வடிவமாகவே இருந்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சுச் சொற்கள் பெருந்தொகையாக ஆங்கிலத்தில் புகுந்தன. 13ஆம் நூற்றாண்டு முதல் ‘மோர்’ அமைப்பு எழுத்துவழக்கில் தெளிவாகப் பரவக் காண்கிறோம். பிரெஞ்சு மொழி ஒப்பீட்டுக்குத் தனிச்சொல்லையே பயன்படுத்துவதால், அதன் தாக்கம் இதற்குத் துணைநின்றது என்பர். ஆங்கிலத்தின் சொல்லிறுதி உருபுகள் தேய்ந்து, தனிச்சொற்கள் அவற்றின் பணியை ஏற்றுவந்த காலமும் அதுவே. எனினும், புதியது பழையதை முற்றாக வெளியேற்றவில்லை. சில நூற்றாண்டுகளுக்குப்பின் பின்னொட்டு வடிவம் குறுஞ்சொற்களில் தன் இடத்தை மீண்டும் உறுதிசெய்துகொண்டது.

இடைப்பட்ட காலத்தில் எழுத்தாளர்கள் மிகுந்த உரிமையோடு எழுதினர். ஷேக்ஸ்பியர் ஒரே பெயரடைக்கு இரு குறிகளையும் சேர்த்தே எழுதியுள்ளார். அவர் காலத்து நாடகாசிரியரான பென் ஜான்சன், தம் மறைவுக்குப்பின் 1640இல் வெளிவந்த ஆங்கில இலக்கண நூலில் இவ்விரட்டை வடிவத்தைக் கிரேக்க நடையோடு ஒத்த சொல்வன்மையாகப் பாராட்டினார். 1667இல் மில்டன் தம் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்தில் ‘வெர்ச்சுவசெஸ்ட்’ என எழுதினார். இன்றைய பள்ளி இலக்கணம் இதனை ஏற்காது.

18ஆம் நூற்றாண்டில் நிலை மாறிற்று. 1762இல் வெளிவந்த ராபர்ட் லோத்தின் இலக்கணம் இரட்டை வடிவங்களைத் தகாதன என்றது. 1795இல் வெளிவந்து பள்ளிகளில் பரவிய லிண்ட்லி மரேயின் இலக்கணம், ஓரசைச் சொற்களுக்குப் பின்னொட்டு, ஈரசைச் சொற்களுக்குப் பெரும்பாலும் ‘மோர்’ என வகுத்தது. 1865இல் லூயிஸ் கரோலின் ஆலிஸ் வியப்பு மிகுதியால் ‘க்யூரியசர்’ என்கிறாள். அவள் நல்ல ஆங்கிலத்தை மறந்துவிட்டாள் என்று கதைசொல்லியே குறிப்பிடுகிறார். மில்டனுக்குக் காப்பிய நடையாக இருந்தது, 200 ஆண்டுகளுக்குள் சிறுமியின் வாயில் நகைச்சுவையாகிவிட்டது.

ஆயினும் அசைக்கணக்கு மட்டும் இத்தேர்வை முடிவுசெய்வதில்லை. ‘ஹாப்பி’ ஈரசைச் சொல்லாயினும் ‘ஹாப்பியர்’ என்றே பெரிதும் வழங்கும். ‘யூஸ்ஃபுல்’ என்பதும் ஈரசையே, அது ‘மோர்’ ஏற்கும். ‘ராங்’ ஓரசைச் சொல். அதற்கும் ‘மோர்’ வருவதே இயல்பு. ‘சினத்தைவிடத் துயரமே மிகுதி’ என ஒருவரின் இரு நிலைகளை ஒப்பிடும்போது ‘மோர் சேட் தேன் ஆங்ரி’ என்பதே பொருந்தும். ‘சேடர்’ அங்கு நிற்காது. பிரிட்டா மோண்டார்ஃப் 2009இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒரு காரணத்தை விளக்குகிறது. பெயரடையைத் தொடர்ந்து நீண்ட சொற்றொடர் வரும்போதும், அமைப்பு சிக்கலாகும்போதும் ‘மோர்’ மிகுகிறது. ஒப்பீடு வரப்போகிறது என்பதை அச்சொல் முன்கூட்டியே அறிவித்து, கேட்போரின் சுமையைக் குறைக்கிறது.

நம் மாணவர்க்கு இங்கே தனியொரு தடை உண்டு. தமிழில் பெயரடை ஒப்புநிலைக்காக வடிவம் மாறுவதில்லை. ‘அதைவிடப் பெரியது’ என, ஒப்பிடப்படும் பொருளே ஒப்பீட்டின் குறியைத் தாங்குகிறது. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒப்பு ஒன்றென நன்னூலும் கூறும். மலாயில் ‘லெபே’ என்னும் தனிச்சொல் எல்லாப் பெயரடைக்கும் முன்னே நிற்கிறது. இவ்விரு மொழிகளில் வளர்ந்த மாணவர் ‘மோர்’ என்பதை எளிதில் நாடுவதற்கு இடமுண்டு.

ஆதலின், திருத்தும்போது நாம் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ‘மோர் பிக்’ என்பது பொதுவழக்குக்கு மாறானது, அதனைத் திருத்துவோம். ‘மோர் பெட்டர்’ இன்றைய எழுத்துநடையில் ஏற்கப்படுவதில்லை. அதனையும் திருத்துவோம், ஆனால் அது ஷேக்ஸ்பியர் காலத்தில் இழிவழக்கன்று என்பதையும் சேர்த்துச் சொல்வோம். ‘மோர் க்வயட்’ பிழையே அன்று. அதற்கு மதிப்பெண் குறைப்பது முறையாகாது. ‘க்வயட்டர்’ என்றும் சொல்லலாம் என ஓரத்தில் குறித்தால், மாணவர் இரு வடிவங்களையும் அறிவார். தாம் எழுதியது சரியென்றும் அறிவார்.