உசாத்துணை

இலங்கைத் தமிழில் இன்று இது புத்தகத்தோடு ஒட்டிய சொல். நூலகத்தில் இரவல் தராத நூல்கள் இருக்குமிடம் உசாத்துணைப் பகுதி. பழைய பொருளோ ஆளைக் குறிக்கும். உசாவுதல் என்றால் கேட்டுக் கலந்து பேசுதல். அதற்குத் துணையாய் நிற்பவர் உசாத்துணை. தொல்காப்பியக் களவியல் இந்த நிலையைத் தோழிக்குத் தருகிறது. எவ்வளவு பெரிய மதிப்பு! புத்திமதி கேளாமலும் வரும், யாரும் சொல்லலாம்; உசாத்துணையை நாமே தேடிப் போகிறோம். தொண்டைமானாற்றில், செல்வச்சந்நிதி முருகன் கோயில் மடத்தில் அன்னதானச் சோறு உண்டு, ஆற்றங்கரையில் இருக்கும் இரண்டு சிநேகிதரை நினையுங்கள். "மச்சான், காணியை ஈடு வைச்சு வெளிநாடு போகட்டோ? நீ என்ன சொல்லுறாய்?" "பொறு, முதல்ல மனுசியோட கதை. பிறகு ரெண்டு பேருமா கணக்குப் பாப்பம்." கட்டளையிடாமல் கூட இருந்து எண்ணிப் பார்க்கும் அவனுக்கே இந்தச் சொல் முழுதும் பொருந்தும்.