மிக்கி எலியின் காலடியில் ஒரு கடல்

முதல்லயே ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சிடறேன். டோக்கியோ டிஸ்னிலேண்ட் டோக்கியோவில் இல்லை. பக்கத்து சிபா மாகாணத்தில், உராயசு என்கிற ஊரில் இருக்கிறது. ஓசூர்ல மனை பிரிச்சுப் போட்டுட்டு 'பெங்களூருக்கு மிக அருகில்'னு நோட்டீஸ் அடிப்பாங்களே, அந்த மாதிரி சமாச்சாரம்தான்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் பெரிசு. இன்றைக்கு அந்தப் பூங்கா நிற்கிற இடத்தில் 1960-இல் நிலமே கிடையாது. கடல்தான். அந்தக் கடலில் மட்டி பொறுக்கியும், பாசி வளர்த்தும், மீன் பிடித்தும் ஒரு ஊரே பிழைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பதிவு மிக்கி எலியைப் பற்றியது இல்லை, அந்த ஊர்க்காரர்களைப் பற்றியது. மிக்கி படம் எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பதிவு வரைக்கும் பொறுத்துக்கணும் :)

எங்க ஊர் பென்னாகரம். தெரியாதவங்களுக்கு: தர்மபுரியில் இருந்து ஒகேனக்கல் போறவங்க பஸ்ஸில் தூக்கம் கலைஞ்சு, 'இன்னும் எவ்ளோ தூரம்?'னு கேட்கிற இடம்தான் எங்க ஊர். தம்பி நிஷிகசாயில் இருக்கிறான். டோக்கியோவின் கிழக்கு ஓரம் அது. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் நிறையப் பேர் அங்கே குடியேறியதால், தெருவில் தமிழ் காதில் விழுவது பெரிய அதிசயம் இல்லை. அம்மா, தங்கமணி, இரண்டு வாண்டுகள் சகிதம் அங்கே போய் இறங்கினோம். அங்கிருந்து மெட்ரோவில் இரண்டாவது ஸ்டேஷன் உராயசு. பூங்காவுக்கு மட்டும் வேற ரயில், மைஹாமா ஸ்டேஷன்.

பூங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 51 மீட்டர் உயரத்தில் சிண்ட்ரெல்லா கோட்டை. எதற்கெடுத்தாலும் வரிசை, ஆனால் அந்த வரிசையில் ஒருத்தரும் முண்டுவதில்லை. அறுபது வயசுப் பாட்டிகூட எலிக்காது மாட்டிக்கிட்டு நடக்குறாங்க. பாப்கார்னில் கறிமசாலா வாசனை. ஊர்வலத்தில் மிக்கி வந்ததும் கூட்டம் கையசைத்த வேகத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "நம்ம ஊர்ல எலி பிள்ளையார் காலுக்குக் கீழதான் உக்காந்திருக்கும், இங்க என்னடா தேர்ல வருது?" என்றார்கள்.

அப்புறம் கோட்டை எதிரே உட்கார்ந்திருந்தபோது அம்மா கேட்ட இன்னொரு கேள்விதான் என்னை இந்தப் பதிவு வரை இழுத்து வந்தது.

"ஏன்டா, இவ்ளோ பெரிய எடம்... இது முன்ன என்னவா இருந்துச்சு? ஏரியா?"

ஏரியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்டும் குடியிருப்பும் கட்டுகிற நாட்டில் இருந்து வந்தவங்க இல்லையா, சரியாத்தான் கேட்டாங்க. தம்பிக்கும் தெரியலை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன். இனி சரித்திரம்.

உராயசு டோக்கியோ விரிகுடாவின் தலைமாட்டில், எதோ ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது. ("எதோ ஆறு"ன்னா பேர் தெரியாத ஆறு இல்லீங்க, அதோட பேரே எதோ!) டோக்கியோவுக்கு இவ்வளவு கிட்டே இருந்தும், 1969-இல் மெட்ரோ ரயில் வரும்வரை தரையில் இருக்கும் தீவு மாதிரி ஒதுங்கிக் கிடந்த ஊர். கடல் வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுத்தரை தெரியும். அதில் மட்டி, சிப்பி. குளிர்காலத்தில் நோரி. சோற்றைச் சுற்றித் தருவார்களே ஒரு கறுப்புத் தாள், அந்தக் கடல்பாசிதான் நோரி. இதையெல்லாம் சேகரிக்க 'பெக்கா' என்று ஒரு படகு. ஒரு ஆள் ஓட்டுகிற சின்ன மரப்படகு, அடி தட்டையாக இருக்கும். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும்.

1958-இல் முதல் இடி விழுந்தது. ஆற்றுக்கு மேலே இருந்த ஹோன்ஷு காகித ஆலையில் இருந்து அந்த வருஷம் ஏப்ரலில் கறுப்புத் தண்ணீர் வர ஆரம்பித்தது. மீன் செத்தது, மட்டி செத்தது. பேசிப் பார்த்தார்கள், மனுக் கொடுத்தார்கள். ஜூன் 10-ஆம் தேதி நூற்றுக்கணக்கான மீனவர்கள் ஆலைக்குள் புகுந்துவிட்டார்கள். போலீஸோடு கைகலப்பு. நூறு பேருக்கு மேல் காயம், சிலர் கைது. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. அந்த வருஷம் டிசம்பரிலேயே ஜப்பான் நாடாளுமன்றம் தண்ணீரின் தரத்தைக் காப்பாற்ற இரண்டு சட்டங்கள் போட்டது. நீர் மாசுக்காக அந்த நாட்டில் வந்த முதல் தேசியச் சட்டங்கள் அவைதான். மட்டி பொறுக்குகிறவர்கள் அடிபட்டு வாங்கிக் கொடுத்தது.

சட்டம் வந்தது, கடல் திரும்பி வரவில்லை. டோக்கியோ வளர வளர கழிவு கூடியது, மீன் குறைந்தது.

இப்போ கதையின் இன்னொரு முனைக்குப் போவோம். அதே 1958-இல் கெய்செய் ரயில் கம்பெனித் தலைவர் கவாசாகி என்பவர் அமெரிக்கா போனார். எதுக்குன்னு கேட்டா சிரிப்பீங்க. ரோஜாச்செடி வாங்க! அவர்கள் கம்பெனி நடத்திய யாட்சு பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு ரோஜாத் தோட்டம் வைக்கணும். போன இடத்தில் கலிபோர்னியா டிஸ்னிலேண்டைப் பார்த்தவர், இதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார். 1960-இல் 'ஓரியண்டல் லேண்ட்' என்று ஒரு கம்பெனி உருவானது. உராயசு கடலை நிரப்பி நிலமாக்கி, அதில் பூங்கா கட்டுவது திட்டம்.

கடலை நிரப்பணும்னா மீன்பிடி உரிமை வைத்திருந்த கூட்டுறவு சங்கங்கள் சம்மதிக்கணும். இரண்டு வருஷம் முன்னாடிதான் ஆலைக்குள் புகுந்து அடித்த ஆட்கள், லேசில் மசிவார்களா? பேச்சுவார்த்தைக்கு தகாஹாஷி என்று ஒருத்தரை அனுப்பினார்கள். அவருடைய முக்கியத் தகுதி, எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறமாட்டார் என்பது. மீனவர்களோடு இரவு இரவாக உட்கார்ந்து சாக்கே குடித்துப் பேசியே சம்மதம் வாங்கினார் என்று அந்தக் கம்பெனியின் கதையில் பெருமையாகச் சொல்வார்கள். அவர்தான் பின்னாளில் கம்பெனியின் தலைவரும் ஆனார்.

எனக்கு இதைப் படிக்கும்போது பெருமை வரலை, ஒரு மாதிரி இருந்தது. எதிரில் உட்கார்ந்து குடித்தவர் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்? அப்பா, தாத்தா செய்த தொழில். பக்கத்தில் கறுத்துப்போன தண்ணீர். கையில் இழப்பீட்டுத் தொகை. 1962-இல் உரிமையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். 1971-இல் மிச்சத்தையும் விட்டார்கள். உராயசுவின் மீன்பிடித் தொழில் அன்றோடு முடிந்தது.

ஏமாற்றிப் பிடுங்கிக்கிட்டாங்கன்னு ஒரே வரியில் எழுதிட முடியாது. இழப்பீடு கொடுத்தார்கள். கடல் ஏற்கனவே குற்றுயிராகத்தான் கிடந்தது. பிள்ளைகளுக்கு வேற வேலை கிடைத்தது. இன்றைக்கு உராயசு வசதியான ஊர். ஆனா, கடல் நல்லா இருந்திருந்தா அவங்க அந்த விலைக்குச் சம்மதிச்சிருப்பாங்களா? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் போகலை.

மற்றதை வேகமாகச் சொல்லிடறேன். கடலை நிரப்பி நிரப்பி ஊரின் பரப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கானது. அதாவது இன்றைய உராயசுவில் முக்கால்வாசி பழைய கடல். 1979-இல் டிஸ்னியோடு ஒப்பந்தம். 1982 டிசம்பரில் அந்த ரோஜாத் தோட்டப் பூங்கா யாட்சுவை மூடினார்கள். 1983 ஏப்ரல் 15-இல் டோக்கியோ டிஸ்னிலேண்ட் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதல் டிஸ்னி பூங்கா அதுதான். நடத்துவது இன்று வரை ஓரியண்டல் லேண்ட், டிஸ்னிக்குப் போவது பேருக்கான பங்குத்தொகை. 2001 செப்டம்பரில் பக்கத்திலேயே இரண்டாவது பூங்கா. அதன் பேர் 'டிஸ்னி ஸீ'. ஆமாங்க, கடல்! கடலை நிரப்பி நிலமாக்கி, அந்த நிலத்தில் குளம் வெட்டித் தண்ணி விட்டு, வெனிஸ் நகரத்துப் படகை ஓட்டி, கடல்னு பேர் வச்சிருக்காங்க. இதுக்கு மேல நான் எதுவும் சொல்லலை.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் அந்த நிரப்பிய மண் கூழாகிப் பொங்கியது. உராயசுவில் சாலை பிளந்தது, கரண்ட் கம்பம் சாய்ந்தது, பல வீடுகள் ஒரு பக்கமாக அமுங்கின. பூங்கா கட்டும்போதே தரையை இறுக்கி வைத்திருந்ததால் உள்ளே பெரிய சேதம் இல்லை. வண்டி நிறுத்தும் இடம் மட்டும் சேறானது. ஏப்ரல் 15-இல், தன் பிறந்தநாள் அன்றே, டிஸ்னிலேண்ட் மறுபடி திறந்தது.

இவ்வளவும் படித்த பிறகு, அந்த ஊரில் பழசு ஏதாவது மிச்சம் இருக்கா என்று தேடினேன். இருந்தது. உராயசு நகராட்சி 2001-இல் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறது. டிஸ்னி ஸீ திறந்த அதே வருஷம். கட்டணம் கிடையாது. வாண்டுகள் "மறுபடியும் மிக்கியா?" என்று துள்ள, இல்லை என்று உண்மையைச் சொல்லியே கூட்டிப் போனேன்.

அங்கே 1952 வாக்கில் உராயசு எப்படி இருந்ததோ, அப்படியே ஒரு தெருவைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மீனவர் வீடு, பெட்டிக்கடை, சின்ன வாய்க்கால், அதில் கட்டிப்போட்ட படகுகள். வீட்டுக்குள் ஏறிப் பார்க்கலாம், பொருளைத் தொடலாம். வயசான தன்னார்வலர்கள் நின்று விளக்குகிறார்கள். ஒரு பெரியவர் என் பொண்ணை பெக்கா படகில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினார். இறங்கும்போது தம்பி மூலமா, "உங்க ஊர்ல படகு இருக்கா?" என்று கேட்டார். இருக்கு, ஆனா வட்டமா இருக்கும் என்று சொல்லி, ஒகேனக்கல் பரிசல் படத்தைப் போனில் காட்டினேன். மனுஷன் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தோலா, மரமா, எத்தனை பேர் ஏறலாம், சுழலில் எப்படித் திருப்புவீங்க என்று வரிசையாகக் கேள்வி. பாதிக்கு மேல் எனக்கு பதில் தெரியலை. அம்மாதான் சொன்னாங்க. மூங்கிலை எப்படிப் பின்னுவாங்க, எருமைத்தோல் போர்த்தின காலம் போய் பிளாஸ்டிக் வந்தது எப்படி என்று.

இனி நம்ம ஊருக்கு வருவோம். எங்களுக்கும் தண்ணிக்கடியில் போன ஊர் உண்டு. மேட்டூர் அணையை 1925-இல் கட்ட ஆரம்பித்து 1934-இல் முடித்தார்கள். அணையில் தேங்கிய காவிரி பின்னால் ஏறி, எங்க பென்னாகரம் தாலுகாவின் நாகமரை வரைக்கும் பரந்து நிற்கிறது. அக்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. கரையோர ஊர்ச் சனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏறினார்கள். வெள்ளம் கொண்ட ஊர்களின் அடையாளமா, ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் அணை வற்றும்போது தலைகாட்டும். மறுநாள் பேப்பரில் படம் வரும். மழை பெய்ததும் நந்தியும் முங்கிடும், பேச்சும் முங்கிடும்.

இன்னொரு கணக்கு சொல்றேன். எங்க பக்கத்து ஆளுங்களைப் பல்லை வச்சே கண்டுபிடிக்கலாம்னு ஒரு கிண்டல் உண்டு. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இங்கே பல கிணறுகளில் அது தாண்டியது. பல் காவி ஏறும், முற்றினால் எலும்பும் வளையும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம், சுமார் 1,928 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஜப்பான் அரசு கொடுத்த கடன். உராயசு மீனவர்கள் தண்ணிக்காக அடிபட்டது 1958, ஜப்பான் பணத்தில் எங்க தண்ணிக்கு அடிக்கல் நட்டது 2008. நடுவில் சரியாக ஐம்பது வருஷம். இரண்டுக்கும் நேர்ச் சம்பந்தம் கிடையாது, சும்மா வருஷத்தைக் கூட்டிக் கழிச்சப்போ கண்ணில் பட்டது. ஆனா குழாயைத் திறக்கும்போது இப்பல்லாம் அந்தப் படகுப் பெரியவர் ஞாபகம் வருது.

சொல்ல வந்தது இதுதான் மக்களே. உராயசுக்காரர்கள் 1971-இல் கடலை விட்டார்கள், 2001-இல் அருங்காட்சியகம் கட்டினார்கள். இடையில் முப்பதே வருஷம். படகு கட்டத் தெரிந்தவர், வலை பின்னத் தெரிந்தவர், எந்தக் கடையில் என்ன விற்றது என்று சொல்லத் தெரிந்தவர் எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். அதனால்தான் அந்தத் தெரு பொம்மைத் தெருவாக இல்லாமல் நிஜமாக இருக்கிறது. நமக்கு 1934 முடிந்து தொண்ணூறு வருஷம் தாண்டிவிட்டது. தண்ணிக்குள் போன ஊரைக் கண்ணால் பார்த்தவர் இனிமே கிடைப்பது கஷ்டம். அவங்க சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருக்காங்க, அவங்களுக்கும் எண்பது ஆகப்போகிறது.

அருங்காட்சியகம் எல்லாம் அரசாங்கம் கட்டட்டும், கட்டாமப் போகட்டும். நாகமரை, ஏரியூர் பக்கம் உறவு இருக்கிற நண்பர்கள், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவங்க பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்க. போனில் பதிவு பண்ணுங்க. எந்த ஊர் முங்கியது, எந்தச் சாமியை எடுத்துக்கிட்டு வந்தாங்க, எதை விட்டுட்டு வந்தாங்க, இழப்பீடு எவ்வளவு, தோல் பரிசலில் எத்தனை மூட்டை ஏறும். கேளுங்க. நான் அம்மாவிடம் இருந்து ஆரம்பிச்சிருக்கேன். இதுவரை நாற்பது நிமிஷம் ஓடியிருக்கு, அதில் பாதி பரிசல் கூலி பற்றிய சண்டைகள்தான்.