பி. டி. ஜத்தி: ஆளுநர் பதவியும் பசவ சமிதியும்

மராத்திய மரபினரான பட்டவர்த்தனர் ஆண்ட ஜமகண்டி சமஸ்தானத்தில், கன்னடம் வழங்கும் சாவளகி என்னும் ஊரில் 1912-ஆம் ஆண்டு பிறந்தவர் பசப்பா தானப்பா ஜத்தி. கோலாப்பூரில் சட்டம் பயின்ற அவர், அச்சமஸ்தானத்தின் அமைச்சராகவும் பின்னர் முதலமைச்சராகவும் பணியாற்றினார். 1948-இல் ஜமகண்டி பம்பாயுடன் இணைந்தது. 1956-இல் மொழிவழிச் சீரமைப்பால் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. பிறந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஆட்சியெல்லை இருமுறை மாறிற்று. 1958 முதல் 1962 வரை ஜத்தி மைசூரின் முதலமைச்சராக விளங்கினார்.

1968-இல் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராகவும், 1972-இல் ஒரிசாவின் ஆளுநராகவும், 1974-இல் குடியரசுத் துணைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். 'துணை' என்னும் அடை அவரை விடாது தொடர்ந்தது எனலாம். எனினும் அவர் பெயர் பெரிதும் பேசப்பட்டது, பக்ருதீன் அலி அகமது மறைந்தபின், 1977 பிப்ரவரி 11 முதல் ஜூலை 25 வரை குடியரசுத் தலைவர் பொறுப்பை வகித்த காலத்தில்தான். காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்குமாறு ஜனதா அமைச்சரவை அறிவுரை வழங்கியபோது அவர் தயங்கினார். மீண்டும் வலியுறுத்தப்பட்ட பின்னரே ஏப்ரல் 30 அன்று கையொப்பமிட்டார். பழைய கட்சிப்பற்றே காரணம் என்றனர் எதிர்ப்பாளர். ஆனால் அமைச்சரவையின் அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் செயற்படுதல் வேண்டும் என்னும் கட்டாயச் சொல்லாட்சியை, 1976-இல் 42-ஆம் திருத்தத்தின்வழி 74-ஆம் உறுப்பில் சேர்த்தது காங்கிரஸ் அரசே. அறிவுரையை ஒருமுறை மறுஆய்வுக்குத் திருப்பியனுப்பும் உரிமை 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தத்தால் வந்தது. ஜத்திக்கு அது கிட்டவில்லை.

1979-இல் பதவி முடிந்தது. பின்னர்ப் பெங்களூரில் வாழ்ந்த அவருக்கு, 1964-இல் தாமே நிறுவிய பசவ சமிதி பணிக்களமாக அமைந்தது. 12-ஆம் நூற்றாண்டுச் சரணர்களின் வசனங்களைக் கன்னட எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2002 ஜூன் 7 அன்று ஜத்தி பெங்களூரில் காலமானார். எம். எம். கலபுர்கி முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து தொடங்கிய பெருந்தொகுப்பின் மொழிபெயர்ப்புகள் 2017 ஏப்ரலில் புதுதில்லியில் 23 மொழிகளில் வெளியிடப்பெற்றன. கலபுர்கி அதனைக் காணவில்லை. 2015-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழாக்கத்தில் முதல் இடர்ப்பாடு நூற்பெயரிலேயே எழுகிறது. கன்னடத்தில் 'வசன' என்பது ஓர் இலக்கிய வகை. தமிழில் 'வசனம்' என்றால் உரைநடையும் நாடகப் பேச்சும் திரைப்பட உரையாடலுமே நினைவுக்கு வரும். 'பா' என்று பெயர்த்தால் யாப்புக்கு அடங்காத அதன் தன்மை மறையும். அச்சொல்லையே வைத்துக்கொண்டு, முன்னுரையில் அதன் பொருளை விளக்குவதே ஏற்ற வழியாகத் தோன்றுகிறது.