புள்ளியும் தேர்ச்சியும்: யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் மாணவரை அளந்த வரலாறு

கல்வி கற்பித்தல் எத்துணைப் பழைமையுடையதோ அத்துணைப் பழைமையுடையது கற்றவனை அளத்தலும். ஆயின், எதனைக் கொண்டு அளப்பது, எதற்காக அளப்பது என்னும் இரு வினாக்களுக்கும் ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை அளித்து வந்துள்ளது. மாணவன் பெற்ற மொத்தப் புள்ளியையும் வகுப்பில் அவன் வகிக்கும் இடத்தையும் கூறுவதை விடுத்து, வகுத்துரைத்த ஒவ்வொரு தேர்ச்சியிலும் அவன் எம்மட்டத்தை அடைந்தான் என்று கூறும் முறை இன்று உலகின் பல நாடுகளில் இடைநிலை வகுப்புகளில் கையாளப்படுகின்றது. இதனைப் புதுமை என்று புகழ்வாரும் புதுமை என்றே அஞ்சுவாரும் உளர். யாழ்ப்பாணத்து வரலாற்றை நோக்குமிடத்து, இஃது முற்றிலும் புதியதன்று என்பது புலனாகும்.

முறையின் இயல்பை முதலில் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். கீரிமலைக் கேணியில் ஒரு சிறுவன் நீந்தப் பழகுகின்றான். முதல் நாள் மூழ்கித் தத்தளிக்கின்றான். பத்தாம் நாள் பிறர் துணையின்றிக் கரைக்குக் கரை நீந்துகின்றான். அவனுக்கு நீந்தத் தெரியுமோ என வினவினால், முதல் நாளையும் பத்தாம் நாளையும் கூட்டி இரண்டாற் பிரித்து, 'பாதி தெரியும்' என்று விடையிறுப்பார் யாருமிலர். நீந்தத் தெரியும் என்பதே விடை. பாடசாலையிலோ நாம் இவ்வாறு செய்வதில்லை. முதலாந் தவணையில் பின்னம் விளங்காது 30 புள்ளி பெற்றவன், மூன்றாந் தவணையில் அதனை ஐயந்திரிபற விளங்கி 90 புள்ளி பெறினும், சராசரி 60 என்றே எழுதுகின்றோம். அவன் இன்று அறிந்திருப்பதை அவ்வெண் கூறவில்லை. முன்பு அறியாதிருந்தமைக்குத் தண்டமே விதிக்கின்றது. மேலும், கணிதத்தில் 60 புள்ளி பெற்ற இருவருள் ஒருவன் பின்னத்தில் வல்லவனாய்க் கேத்திரகணிதத்தில் மெலிந்தவனாகவும், மற்றவன் அதற்கு மறுதலையாகவும் இருத்தல் கூடும். எண் ஒன்றாயினும் அவர்தம் தேவை வேறு. தேர்ச்சி சார்ந்த மதிப்பீடு இவ்விரு குறைகளையும் நீக்க முயல்வது. அறிவையும் ஒழுக்கத்தையும் வரவையும் தனித்தனியே குறிப்பதும், பிந்திய சான்றுக்கு முதன்மை தருவதும், மீண்டும் முயல வாய்ப்பளிப்பதும் அதன் அடிப்படைகள்.

இனி, பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை நோக்குவாம். விசயதசமியன்று ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை, மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகி, அது கைவந்தபின் ஓலையும் எழுத்தாணியும் ஏந்துவான். அரிச்சுவடி முற்றினால் ஆத்திசூடி; பின் கொன்றைவேந்தன்; அப்பால் எண்சுவடியும் நிகண்டும் எனப் படி அமைந்திருந்தது. ஒன்றை ஒப்புவித்தாலன்றி அடுத்ததற்குச் செல்லுதல் இல்லை. விரைந்து கற்பவன் விரைந்து சென்றான்; மெல்லக் கற்பவன் மெல்லச் சென்றான். ஆண்டிறுதிப் பரீட்சையுமில்லை, முதலாம் பிள்ளை இறுதிப் பிள்ளை என்னும் வரிசைக்கு இடமுமில்லை. முற்கற்ற மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். சென்னை அநாதைப் பாடசாலையில் பணியாற்றிய அன்றூ பெல் என்பார், மணலில் எழுதிப் பயிலும் அந்நாட்டுப் பிள்ளைகளைக் கண்டு, சட்டாம்பிள்ளை முறையைத் தழுவி 1797-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நூல் வெளியிட்டமை கல்வி வரலாறு பயில்வோர் அறிந்ததே.

எனினும், பழமையைப் பழமை என்பதற்காகவே போற்றுதல் ஆகாது. அத்திண்ணையில் ஒப்புவித்தல் இருந்தது. பொருளுணர்ந்தானோ என்னும் ஆராய்ச்சி அரிதாயிருந்தது. பெண்களிற் பெரும்பாலோரும், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதியாரும் அத்திண்ணையில் ஏறவே இயலாதிருந்தனர். படிப்படியாகத் தேறிச் செல்லுதல் என்னும் நெறி நன்றாயினும், அந்நெறியிற் செல்லும் உரிமை சிலர்க்கே உரியதாயிருந்தது.

கீரிமலைக்கு அணித்தாகிய தெல்லிப்பழையில் அமெரிக்க மிசனரிமார் 1816-ஆம் ஆண்டில் பாடசாலை தொடங்கினர். வகுப்பு, கால அட்டவணை, பரீட்சை என்பன இங்ஙனம் வலிகாமத்தில் வேரூன்றலாயின. 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், பாலபாடங்களைப் படிமுறையாக அமைத்துச் சைவப் பிள்ளைகளுக்கும் வகுப்புமுறைக் கல்வியை வழங்கினார். படிமுறை நூலும் வகுப்புமுறையும் ஒன்றுசேர்ந்தமை நம்மவர் கல்வியில் ஒரு திருப்பம் எனலாம்.

அளத்தலின் வரலாற்றில் அடுத்த திருப்பம் பணத்தால் விளைந்தது. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டில் றொபேட் லோ என்பார் கொண்டுவந்த திருத்திய விதிக்கோவை, வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் வகுப்பு வகுப்பாகத் தரங்களை வரையறுத்தது. வித்தியாதரிசி வந்து பிள்ளைகளைத் தனித்தனி சோதிப்பார். ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால், அப்பாடசாலைக்குரிய நன்கொடையில் 2 சிலிங் 8 பென்சு குறையும். இலங்கையிலும், 1869-இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததையடுத்து, பெறுபேற்றுக்கேற்ப உதவி நன்கொடை வழங்கும் முறை புகுந்தது.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தரங்கள் தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் தனியே சோதிக்கப்பட்டது. ஒருவனை மற்றொருவனோடு ஒப்பிடுதல் இல்லை. பெயரளவில் நோக்கின், இதுவும் தரம் சார்ந்த மதிப்பீடே. ஆயினும் விளைந்ததென்ன? ஆசிரியரின் ஊதியம் பிள்ளையின் நாவில் தங்கியிருந்தமையால், வாசிப்பு நூல் முழுவதும் மனனமாயிற்று. நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி 'வாசிக்கும்' பிள்ளைகளைப் பற்றிய கதைகள் எழுந்தன. சோதிக்கப்படாத பாடங்கள் வாடின. தாமே வித்தியாதரிசியாயிருந்த புலவர் மத்தியூ ஆர்ணல்ட் இம்முறையை அந்நாளிலேயே வன்மையாகக் கண்டித்தார். இங்கிலாந்தில் 1890-களில் அது கைவிடப்பட்டது. நம் நாட்டிலும் காலப்போக்கில் மறைந்தது. அளவுகோல் செவ்வையாயிருந்தும், அதன் நுனியில் பணத்தைக் கட்டியமையால் அளவே பொய்த்தது.

இதனிடையே, 1880-இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் இலங்கையிற் புகுந்தன. அரசாங்க உத்தியோகத்தின் வாயில் ஆங்கிலமும் பரீட்சைச் சித்தியுமாயிற்று. வளங் குன்றிய குடாநாட்டில், நிலத்தை நம்ப இயலாதார் நூலை நம்பினர். ஆதலின் பரீட்சைப் பெறுபேறு குடும்பத்தின் வாழ்வுக்கே அளவாயிற்று. 1945-இல் இலவசக் கல்வி வந்தபின் போட்டி பெருகியது. 1950-களில் நிலைபெற்ற கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சையின் பெயரிலேயே 'தராதரம்' என்னும் சொல் அமைந்துள்ளது. அச்சொல் ஏற்றத்தாழ்வு என்னும் பொருளையும் உடையதாதல் கருதத்தக்கது. என்ன தெரியும் என்ற வினா பின்னே சென்று, எத்தனை பேரை முந்தினான் என்ற வினா முன்னே வந்தது.

தரம் என்னும் சொல் யாழ்ப்பாணத்தார் நெஞ்சில் ஆறாப் புண்ணாகியதும் இவ்வழியேயாம். 1970-71 பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்திற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளியும், சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளியும் பெறவேண்டியதாயிற்று. 1973-இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974-இல் மாவட்டப் பங்கீடும் தொடர்ந்தன. இடங்கள் மிகச் சிலவாயிருந்தமையால், புள்ளி என்பது அறிவின் அளவாயிராது பங்கீட்டின் கருவியாயிற்று. ஆதலின், தரம் சார்ந்த மதிப்பீடு என்னும் பெயரைக் கேட்டவுடன் பெற்றோர் ஐயுறுவராயின், அவ்வையம் வரலாற்றினின்று பிறந்தது, அறியாமையினின்று பிறந்ததன்று. தரப்படுத்தல் மாணவரின் புள்ளிகளை ஒன்றோடொன்று பொருத்திச் சரிப்படுத்துவது. தேர்ச்சி மதிப்பீடோ புள்ளியை அறிவோடு பொருத்துவது. இரண்டும் ஒன்றல்ல என்பதை ஆசிரியர் விளக்குதல் கடன்.

உலக அறிஞரும் இவ்வேறுபாட்டை அக்காலத்திலேயே வகுத்துரைத்தனர். 1963-இல் றொபேட் கிளேசர், மாணவனை மாணவனோடு ஒப்பிடும் அளவையும், வரையறுத்த செயலோடு ஒப்பிடும் அளவையும் வேறுபிரித்துக் காட்டினார். 1968-இல் பெஞ்சமின் புளூம், போதிய காலமும் துணையும் அளிப்பின் பெரும்பாலான மாணவர் முழுத்தேர்ச்சி எய்துவர் என்னும் கருத்தை நிறுவ முயன்றார். காலத்தை நிலையாக்கித் தேர்ச்சியை மாறவிடுவது வகுப்பறை. தேர்ச்சியை நிலையாக்கிக் காலத்தை மாறவிடுவது புளூமின் நெறி. பின்னையது நம் திண்ணையின் நெறியுமாம்.

இலங்கையில் 1997-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களோடு பாடசாலை மட்டக் கணிப்பீடு வலுப்பெற்றது. 2007-இல் தரம் 6, தரம் 10 ஆகிய வகுப்புகளில் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியது. பாடத்திட்டத்தில் தேர்ச்சியும் தேர்ச்சி மட்டமும் எண்ணிட்டு எழுதப்பட்டுள்ளன. ஆயின் பெற்றோர் கையிற் சேரும் தவணை அறிக்கையிலோ பெரும்பாலும் மொத்தம், சராசரி, வகுப்பில் இடம் என்பனவே காணப்படுகின்றன. கற்பிப்பது தேர்ச்சி, அறிவிப்பது வரிசை என்னும் இம்முரண்பாடே இன்றைய சிக்கலின் கருவாகும்.

இம்முறைக்குத் தடைகளும் உள. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர்க்கும் பல தேர்ச்சிகளைத் தனித்தனி குறித்தல் ஆசிரியர்க்குப் பெருஞ்சுமை. ஒரு பாடசாலையின் 'நன்று' மற்றொன்றின் 'நன்று' ஆகுமோ என்னும் ஐயமும் நியாயமானதே. பொதுப் பரீட்சையும் போட்டியும் நிலைத்திருக்கும்வரை வரிசை அறவே ஒழியாது. ஆதலின், பரீட்சையின் அழுத்தம் ஒப்பளவிற் குறைந்த தரம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளே இதற்கு ஏற்ற இடம். பாடமொன்றுக்கு நாலைந்து தேர்ச்சிகளோடு தொடங்குதலும், அயற்பாடசாலை ஆசிரியர் கூடி மாணவர் ஆக்கங்களை ஒருமித்துப் பார்வையிடுதலும் தக்க வழிகளாம்.

ஒரு செய்தி கூறி அமைவாம். 1990-ஆம் ஆண்டில் கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். பலர் மீள்வதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. இடையிட்டுக் கற்ற பிள்ளைக்கு, அயலூர்ப் பாடசாலை ஒன்றில், 'வகுப்பில் முப்பத்தைந்தாம் பிள்ளை' என்னும் குறிப்பால் யாது பயன்? 'வாசிப்பான், பெருக்குவான், பின்னம் இன்னும் விளங்கவில்லை' என்னும் ஒரு வரி இருப்பின், புதிய ஆசிரியர் மறுநாளே பின்னத்திலிருந்து தொடங்குவார். அவ்வொரு வரியை எழுதவல்ல ஆசிரியரை ஆக்குதலே இம்முறையின் முழுப்பயன்.