எந்தக் கணக்கில் போட்டார்கள்?

டெக்சஸிலிருந்து கொலராடோவுக்குக் காரில் போகும்போது, ஓக்லஹோமாவின் மேற்குக் கோடியில் பாய்ஸ் சிட்டி என்ற சிற்றூரைக் கடப்போம். சிமரோன் கவுண்டியின் தலைநகரம் அது. 1936இல் ஆர்தர் ரோத்ஸ்டைன் அந்தக் கவுண்டியில் எடுத்த புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்: புழுதிக்காற்றில் குனிந்து நடக்கும் ஒரு விவசாயி, அவருடைய இரண்டு பிள்ளைகள், மண்ணேறிய கொட்டகை. அந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அந்தச் சமவெளி விவசாயிகளுக்கு அரசு கொடுத்த பணத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

1934 கோடையில் மழை பொய்த்தது. புல் கருகியது, குட்டைகள் வற்றின. மாட்டுக்குத் தீவனமில்லை; விற்கலாமென்றால் விலையில்லை. ரூஸ்வெல்ட் கேட்டபடி, காங்கிரஸ் ஜூன் மாதம் வறட்சி நிவாரணத்துக்காக 52.5 கோடி டாலர் ஒதுக்கியது. வறட்சி அறிவிக்கப்பட்ட கவுண்டிகளில் அரசே மாடுகளை வாங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் திட்டம் முடிந்தபோது 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை வாங்கியிருந்தார்கள். தேறியவை இறைச்சியாகி ஏழைக் குடும்பங்களுக்குப் போயின. தேறாதவற்றைச் சுட்டுப் புதைத்தார்கள்.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட மாட்டுக்கு 12 முதல் 20 டாலர். ஒரு வயது நிரம்பாத கன்றுக்கு 4 முதல் 8 டாலர். அந்தக் காலத்துக்கும் அது பெரிய விலையல்ல. என்னை நிறுத்திவைத்தது வேறொரு விவரம். இந்தத் தொகையை அரசு இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பகுதி கொள்முதல் விலை. மாட்டை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு. மற்றொரு பகுதி உதவித்தொகை: பெரிய மாட்டுக்கு 6 டாலர், கன்றுக்கு 3 டாலர். கடன் கொடுத்தவர் அதில் கைவைக்க முடியாது. அது விவசாயிக்கு மட்டுமே.

முழுத் தொகையும் ஒன்றாக வந்திருந்தால், கடன்பட்ட விவசாயிக்கு மாடும் போயிருக்கும், பணமும் போயிருக்கும். மொத்தமும் விவசாயிக்கே என்றிருந்தால், ஈடு வைத்திருந்தவர் மாட்டை விற்கச் சம்மதித்திருக்க மாட்டார். இரண்டையும் யோசித்த யாரோ ஒருவர் அந்த விதியை எழுதியிருக்கிறார்.

படித்தபோது எனக்கு மன்னார்குடிப் பக்கத்து எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் படித்த காலம். ஒரு கார்த்திகை வெள்ளத்தில் சம்பா பயிர் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது. நிவாரணம் வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு அப்பா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போனார். பணம் கணக்கில் ஏறியிருந்தது; அன்றே பழைய பயிர்க்கடனுக்கு வரவும் வைக்கப்பட்டிருந்தது. "வந்துச்சு, போயிருச்சு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். மறுநாள் விதைநெல்லுக்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

தாத்தா காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. அப்போது அரசு கொடுத்தது தக்காவி. 1884ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் சட்டப்படி, விதைக்கும் மாட்டுக்கும் கிடைத்த உதவியே கடன்தான். திருப்பிக் கட்டாவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிப்பார்கள்.

6 டாலர் யாருடைய பண்ணையையும் காப்பாற்றியிருக்காது. தன் மாடு சுடப்படுவதைப் பார்த்து நின்றவருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்காது. ஆனால் அன்று மாலை அவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதில்லை என்று ஒரு சட்டம் சொன்னது. அதே இடத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு விதி இருக்கவில்லை.

இப்போது ஊரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்வது பெரியப்பா மகன். புயலோ வெள்ளமோ வந்து நிவாரணம் அறிவித்தால் இங்கிருந்து அவரைத் தொலைபேசியில் அழைப்பேன். முன்பெல்லாம் எவ்வளவு வந்தது என்று கேட்பேன். இப்போது கேட்பது வேறு: "அண்ணே, எந்தக் கணக்குல போட்டாங்க?"