தோற்றவர் சரித்திரம்

அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்குப் போகிற வழியில் இருக்கிறது திருமுல்லைவாயில். அங்கே மாசிலாமணீசுவரர் சந்நிதியில் நந்தி சுவாமியைப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு வாசலை நோக்கி உட்கார்ந்திருக்கிறது. காரணத்தைத் தலபுராணம் சொல்லுகிறது. ஓணன், வாணன் என்ற குறும்பர்கள் அட்டூழியம் செய்தார்களாம். அவர்களை அடக்க வந்த தொண்டைமானின் யானைக்கால் முல்லைக்கொடியில் சிக்கியது. வாளை வீசினான், கொடிக்குள் மறைந்திருந்த லிங்கத்திலிருந்து ரத்தம் பீறிட்டது. மனம் பதைத்த மன்னனுக்கு இறைவன் நந்தியையே துணைக்கு அனுப்பினார். குறும்பர் ஒழிந்தனர். அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்று இரண்டு எருக்கந்தூண்களை இன்றும் காட்டுகிறார்கள்.

கதை எழுதிப் பழகியதாலோ என்னவோ, எனக்கு ஓணனையும் வாணனையும் பற்றித்தான் விசாரம். அவர்கள் தரப்பு எங்கே?

அது காகிதத்தில் இருக்கிறது. நில அளவை அதிகாரி காலின் மெக்கன்ஸி திரட்டிய சுவடிகளில் தொண்டைமண்டலத்துக் குறும்பர் வரலாறும் ஒன்று. அவற்றில் ஒரு பகுதி சென்னையில் தங்கி, அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் சேர்ந்து, பல்கலைக்கழகக் கட்டடத்தில் நெடுங்காலம் இருந்தது.

அந்த வரலாற்றில் குறும்பர் வெறும் கொள்ளைக்காரர் அல்லர். நாட்டை 24 கோட்டங்களாக வகுத்து, புழலைத் தலைமையாக்கி, அரசன் ஒருவனை ஏற்படுத்திக்கொண்டு ஆண்டவர்கள், கப்பல் வாணிபம் செய்தவர்கள், சமணம் தழுவியவர்கள். முதற்போரில் சோழன் மகன் ஆதொண்டனே பின்வாங்க நேர்ந்தது என்றும் அது சொல்லுகிறது. எல்லாம் நடந்தபடியே எழுதப்பட்டது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் தோற்றவனுக்கும் ஒரு வீடு, ஒரு தொழில், ஒரு தெய்வம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் ஏடு அபூர்வமானது.

இதில் இன்னொரு வேடிக்கை. மெக்கன்ஸிக்கு நம் பாஷைகள் தெரியாது. ஊர் ஊராய்ப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியவர்கள் நம்மவர்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் காவலி வேங்கட போரய்யா. 1803-ல் அவர் காலமானபின் அவருடைய தம்பி லட்சுமய்யா. 1821-ல் துரை இறந்தார். கும்பினியார் ஒரு லட்ச ரூபாய் கொடுத்துச் சேகரத்தை வாங்கினார்கள். அந்த வேலையைத் தாமே தொடர்வதாக லட்சுமய்யா விண்ணப்பித்தார். கல்கத்தா ஆசியச் சங்கத்தின் யோசனையைக் கேட்டார்கள். இத்தகைய காரியத்துக்கு அவர் போதாது என்று 1836-ல் அங்கிருந்து அபிப்பிராயம் வந்தது. சுவடிகளை ஆராயும் பணி பாதிரியார் வில்லியம் டெய்லரிடம் போயிற்று.

1972-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ்ச் சுவடிகளின் சுருக்கங்களை ஆங்கிலத்தில் அச்சிட்டது. மூலங்களில் பெரும்பாலானவை கையெழுத்தாகவே கிடக்கின்றன.

ஊரை ஆண்டவன் புராணத்தில் அரக்கனானான். அவன் கதையை எழுதியவன் துரையின் பெயருக்குப் பின்னால் மறைந்தான். இன்று புழல் என்றால் ஏரியும் சிறைச்சாலையுமே நினைவுக்கு வருகின்றன. கோட்டையின் நினைவு பழுப்பேறிய காகிதத்தில்தான் இருக்கிறது. காகிதத்துக்கு ஆயுசு கொஞ்சம். அதற்குள் யாராவது அச்சிலேற்றினால் புண்ணியம்.