நல்லெண்ணெயில் கலந்த நஞ்சும் நரம்புக்கலப் பரிசோதனையும்

சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுப்பது மன்னார்ப் பக்கத்திலும் மலையகத்திலும் பழகிய வழக்கம். 1977–78 காலப்பகுதியில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அப்படிக் கொடுக்கப்பட்ட எண்ணெய், இருபதுக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளின் நரம்புகளைப் பாதித்தது. முதலில் கெண்டைக்காலில் நோ எடுத்தது. பின்னர் பாதங்கள் பலமிழந்தன.

நரம்பியல் வைத்தியர் நிமல் சேனாநாயக்கவும் ஜெயரத்னமும் இதன் காரணத்தை 1981 இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேற் என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் அது கலந்திருக்கலாம் என விசாரணையில் தெரியவந்தது.

இந்த நஞ்சு உடனே தன்னைக் காட்டாது. உட்கொண்டு ஒன்று முதல் மூன்று வாரங்களின் பின்னரே கால் தளரும். அதனால் ஓர் இரசாயனத்துக்கு இந்தக் குணம் உண்டா என்று அறிய, அதைக் கோழிகளுக்குக் கொடுத்து 21 நாட்கள் அவதானிப்பது நெடுங்கால முறையாக இருந்துவருகிறது.

கலப் பரிசோதனை இதை விரைவாக்குகிறது. மனித நரம்புக் கட்டியிலிருந்து பெற்று ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்களில் இரசாயனத்தைச் சேர்த்து, இரண்டு நொதியங்களை அளக்கிறார்கள். ஒன்று அசற்றைல்கோலின் எஸ்தரேஸ். இது முடங்கினால் வியர்வை, உமிழ்நீர், மூச்சுத்திணறல் உடனே தோன்றும். பல பூச்சிமருந்துகள் தாக்குவது இதைத்தான். மற்றையது, பிந்திவரும் நரம்புப் பாதிப்போடு தொடர்புடைய நொதியம். எது குறைந்த அளவிலேயே முடங்குகிறது என்பதை வைத்து நஞ்சின் வகை பிரிக்கப்படுகிறது. கலத்திலிருந்து நீளும் நரம்பிழைகள் குறுகுகின்றனவா என்றும் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ட்ரைகிரெசில் பொஸ்பேற் அப்படியே தாக்குவதில்லை. ஈரலில் மாற்றமடைந்த பின்னரே கடும் நஞ்சாகிறது. நரம்புக்கலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால், ஆபத்தான பொருளும் பாதுகாப்பானதாகத் தெரியலாம். எனவே ஈரல் நொதியங்களையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

இந்தப் பரிசோதனைகள் சொல்வது இரசாயனத்தைப் பற்றி. ஒருவரின் காலைப் பற்றியல்ல. படகு எஞ்சின் எண்ணெயோ வயல் மருந்தோ இருந்த கானில் சமையல் எண்ணெயும் குடிநீரும் வைக்கக்கூடாது. கழுவினாலும் அது பாதுகாப்பல்ல. போர்க்காயம் உள்ளவருக்குப் புதிதாகப் பாதம் தளர்ந்தால், பழைய காயம்தான் என்று விட்டுவிடாமல், கடந்த வாரங்களில் உண்டதையும் தெளித்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மீதமுள்ள எண்ணெயை வீசாமல் எடுத்துச் செல்லுங்கள்.